பாடாத வரிக்கு நான் எழுதிய உரை

எழுந்துவிட்டார்கள். பட்டமளிப்பு மண்டபத்தில் மூவாயிரம் நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் அடங்குவதற்குள் ஞானதுரை ஆர்மோனியத்தில் சுருதி பிடித்துவிட்டார். இனி நாலரை நிமிஷம். பாட்டு முடிந்ததும் துணைவேந்தர் என் பக்கம் தலையை ஆட்டுவார், நான் இந்த மைக்கில் இந்தத் தாளை வாசிப்பேன், 'மருதனாற்றுப் பெருவெள்ளத்தில் சக மாணவர் எழுவரைக் கரை சேர்த்துத் தன்னுயிர் ஈந்த மாணவர் தவசிமுத்து அவர்களின் தங்கை' என்று. அழைப்பிதழிலேயே படம் போட்ட அந்தம்மா மேடையேறிச் சால்வை வாங்கிக்கொள்வார். பிறகு நேரே படித்துறைக்குப் போய் அண்ணனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிடுவார். எள்ளுப் பொட்டலம் முன்வரிசை ஆறாவது நாற்காலிக்குக் கீழே ஒயர் கூடையில் இருக்கிறது, நானே பார்த்தேன். தவசிமுத்து வெள்ளத்தில் சாகவில்லை. அவர் செத்தாரா என்பதே யாருக்கும் தெரியாது. அந்த வெள்ளச் சாவு நான் கட்டின கதை. இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தி ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், பன்னிரண்டரைக்கும் இரண்டுக்கும் நடுவில், சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து கட்டினேன். இந்த உலகத்தில் இது தெரிந்த ஒரே ஆள் தமிழ்த்துறைத் தலைவர் பேராசிரியை பகவதி, வயது ஐம்பத்திரண்டு, பட்டுப்புடவைக்கு மேலே கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு மேடை ஓரத்தில் வேர்த்து ஊற்ற நிற்கிற நான். சொல்லிவிடு பகவதி. நாலரை நிமிஷம் இருக்கிறது. இல்லை, அதிலும் கொஞ்சம் போய்விட்டது.

மருதம் சூழ்ந்த கரையின் மேலே மலர்ந்த அறிவு மன்றமே. இசைத்துறைப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், பச்சைக் கரை போட்ட சேலை, வேட்டி. 'மன்றமே' என்கிற இடத்தில் மேலே ஏற வேண்டும், வருஷா வருஷம் ஒரு குரல் அங்கே கிழியும், இந்த வருஷமும் கிழிந்தது. இருளின் வாசல் திறந்து வந்தோர்க்கு இரவியான குன்றமே. குன்று எங்கே இருக்கிறது இங்கே? சுற்றிலும் வயல், வயலுக்கு அந்தப் பக்கம் களர், உயரமாக இருப்பது தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். அதற்கும் நான் உரை எழுதினேன், 'குன்று என்றது உயர்ந்த குறிக்கோளை' என்று. எழுதத்தானே கூப்பிட்டார்கள். மாணவர் கையேட்டில் பல்கலைக்கழகப் பாட்டைப் போடுகிறோம், அதற்கு வரலாறும் பொருளும் மூன்று பக்கத்தில் வேண்டும், தமிழில் ஆராய்ச்சி பண்ணுகிற பிள்ளை யாராவது எழுதட்டும் என்றார்கள். என் வழிகாட்டி என் பெயரைச் சொன்னார். அப்போது துறையில் தற்காலிக விரிவுரையாளர் இடம் ஒன்று காலி, அது பதிவாளர் கையில் இருந்தது, இது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. பாட்டை எழுதியவர் யார், மெட்டுப் போட்டவர் யார், எந்த வருஷம் முதலில் பாடினார்கள் என்றெல்லாம் பழைய கோப்புகளில் ஒழுங்காகவே இருந்தது. நின்றது ஒரே இடத்தில். இரண்டாவது சரணத்தில் ஒரு வரியை யாரும் பாடுவதில்லை. அந்த இடம் வந்ததும் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள், ஆர்மோனியம் மட்டும் அந்த வரியின் மெட்டை வாசிக்கும், பிறகு மறுபடி பாடுவார்கள். அச்சடித்த அட்டையில் அந்த இடத்தில் ஒரு வரிசை புள்ளி. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. பதிவாளருக்குத் தெரிந்திருந்தது.

கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார் மனுஷன். இந்த நிலம் ஒரு ஜமீன்தார் கொடுத்தது. அந்தக் காலத்துப் பாட்டில் அவருக்கு ஒரு வரி உண்டு, பொன்னை ஒத்த பூமி தந்த பூபதியின் தன்மையே என்று. கொடுத்த ஆறாம் வருஷம் அந்தப் பூபதியே நிலம் அளந்தது தப்பு என்று பல்கலைக்கழகத்தின் மேல் கேஸ் போட்டுவிட்டார். நம்மைக் கோர்ட்டுக்கு இழுத்த ஆளை நாமே நின்று வாழ்த்துவதா என்று வரியை வெட்டினார்கள். வேறு வரி எழுதித் தரச் சொன்னால் புலவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அந்த இடத்தை ஒட்டிப் பாடிவிடலாம் என்றால் மெட்டுப் போட்டவர், தாளம் உடையும், நான் செத்தாலும் விடமாட்டேன் என்று நின்றுகொண்டார். அதனால் வரி போய்விட்டது, மெட்டு மட்டும் நிற்கிறது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இதையே எழுதிவிடட்டுமா சார் என்றேன். 'எழுதுவம்மா எழுதுவ. கேஸ் இன்னும் ஹைகோர்ட்ல கெடக்கு. நல்லதா ஏதாவது எழுதும்மா. பிள்ளைங்க படிச்சா ஒரு இது வரணும்.' அந்த 'ஒரு இது'வைத்தான் நூலகத்தில் போய்த் தேடினேன். மௌனம் என்றால் சாவு. சாவு என்றால் மாணவன். மாணவன் எப்படிச் சாவான்? ஆறு இருக்கிறதே. பெயர் வேண்டுமே என்று தலையைக் குனிந்தால் நான் எழுதிக்கொண்டிருந்த மேஜையிலேயே இருந்தது, எவனோ காம்பஸ் முனையால் ஆழமாகக் கீறியிருந்தான், தவசிமுத்து 64. அறுபத்துநாலில் வெள்ளம் உண்டா என்று ஆண்டறிக்கையைப் புரட்டினேன். உண்டு. முழங்கால் அளவு, இரண்டு நாள், சமையல்கட்டில் அரிசி நனைந்தது. போதும் என்று வைத்துக்கொண்டேன். காப்பாற்றியவர்கள் எத்தனை பேர்? ஐந்து என்றால் குறைச்சல், பத்து என்றால் நம்பமாட்டார்கள். ஏழு. ஏழு என்று எழுதியபோது எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது, அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. இரண்டு மாதத்தில் ஆர்டர் வந்துவிட்டது.

பல்லவியைத் திருப்புகிறார்கள். அப்படியென்றால் ஒன்றரை நிமிஷம் போயிருக்கும். யாரைக் குற்றம் சொல்ல? முதல் வருஷம் யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது வருஷம் அந்த இடத்தில் ஒரு பெண் தலையைக் குனிந்தாள். அதற்கு முன்னால் அங்கே இருமுவார்கள், மூக்கைச் சிந்துவார்கள், வாட்சைப் பார்ப்பார்கள். என் மூன்று பக்கம் அச்சாகிற வரைக்கும் அது வெறும் இடைவெளி, அதற்குப் பிறகுதான் மௌனம். பிறகு பேச்சுப் போட்டியில் தவசிமுத்து வந்தார், விடுதிக்குப் பெயராக வந்தார், நீச்சல் கோப்பையில் வந்தார். அறுபத்தைந்தாம் வருஷத்துப் பழைய மாணவர் ஒருவர் பொன்விழா மலரில் எழுதினார், தவசிமுத்து என் அறைத்தோழன், அன்று இடுப்பில் கயிற்றைக் கட்டிவிட்டவனே நான்தான் என்று. அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் தாங்கள்தான் அறைத்தோழர்கள் என்றார்கள். ஒருவர் கரையேறிய ஏழு பேரில் தானும் ஒருவன் என்றார். நல்ல மனுஷர்கள், பொய் சொல்கிறவர்கள் இல்லை, அவர்களுக்கு நிஜமாகவே ஞாபகம் வந்துவிட்டது. நான் ஒருதரம் சொல்லப் போனேன், நிஜமாகத்தான் போனேன், முந்தைய துணைவேந்தரிடம். நேரே சொல்லத் தைரியம் வராமல், சார், அந்தத் தவசிமுத்து விஷயத்தில் யாருக்காவது சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்று ஆரம்பித்தேன். சந்தேகப்படுகிறவர்கள் பெயரை எழுதிக் கொடுங்கள் அம்மா, பார்த்துக்கொள்கிறேன் என்றார். வந்துவிட்டேன். அன்றைக்கு இது யாருக்கும் கெடுதல் இல்லாத பொய். ஒரு மேஜையில் இருந்த பெயர். அதற்கு ஒரு வீடு இருக்கும், வீட்டில் ஒரு தங்கை இருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தமிழ் படித்து என்ன பிரயோஜனம், புத்தி போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லையே.

நாலு மாதத்துக்கு முன்னால் வந்தது கடிதம். இங்கே முதலாண்டு சேர்ந்த ஒரு பெண் விடுமுறைக்கு ஊருக்குப் போனவள், பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பத்தம்மாளுக்குக் கையேட்டை வாசித்துக் காட்டியிருக்கிறாள். அந்தம்மாவின் அண்ணன் தவசிமுத்து அறுபத்துநாலில் இங்கே பொருளியல் படிக்க வந்தவர், தீபாவளிக்கு வருகிறேன் என்று கார்டு போட்டவர், வரவில்லை. துணைவேந்தர் அலுவலகத்தில் பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். பெயர் இருந்தது, ஊர் இருந்தது, தகப்பன் பெயர் இருந்தது, கடைசிக் கட்டத்தில் 'நவம்பர் முதல் வரவில்லை' என்று இருந்தது. பார்த்தீர்களா மேடம், அப்படியே பொருந்துகிறது என்று என்னிடம் கொண்டுவந்து காட்டினான் அந்த அலுவலகக் கிளார்க், அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நாலு மாதம் பகவதி. நூற்றிருபது நாள். ஒரு தபால் கார்டு போட்டிருக்கலாம். இன்றைக்குக் காலையில், ஒரு மணி நேரத்துக்கு முன்னால், மேடைக்குப் பின்னால் அறையில் அந்தம்மாவையே கொண்டுவந்து என் முன்னால் நிறுத்திவிட்டார்கள். கூட மகன் பட்டுராஜ். 'டீச்சர், நீங்கதான எங்கண்ணனப் பத்தி எழுதுனது? ஒங்க கையக் குடுங்க.' கொடுத்தேன். விடவில்லை. உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது, சூடாக இருந்தது. 'எங்கம்மா சாகுற வரைக்கும் சொல்லிட்டே கெடந்தா, அவன் வந்துருவான்டீ, வீட்டப் பூட்டிராதன்னு. நானும் பூட்டல டீச்சர். இவன் கல்யாணத்துக்கே காலைல போயிட்டு பொழுதுக்குள்ள திரும்பிட்டேன். அம்பத்தெட்டு வருசம். இன்னைக்குத்தான் மொத மொதல்ல பூட்டிட்டு வாரேன்.' மகன் சொன்னான், 'இனிமே எங்ககூட கோயமுத்தூர்லதான் மேடம். வீட்ட வாங்க ஆளும் பாத்தாச்சு. இங்க முடிச்சு, ஆத்துல காரியத்த முடிச்சு, சாயங்காலம் ரயிலு.' நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன். 'காபி சாப்பிட்டீங்களா அம்மா' என்று வந்தது.

இரண்டாவது சரணம். உழுத கைகள் ஏடு தொட்ட உரிமை தந்த அன்னையே. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார் புலவர். இந்த ஒரு வரிக்கு நான் உரை எழுதவில்லை, எழுதவேண்டிய தேவையே இல்லை, முதல் பட்டம் வாங்க வந்த பிள்ளைகளின் அப்பாமார் பின்னால் நிற்கிறார்கள், அவர்கள் கையைப் பார்த்தால் போதும். அந்த வரியில் வாழ வந்தவர்தானே தவசிமுத்து. பனங்காட்டிலிருந்து வந்தவர். ஏன் போனார்? எங்கே போனார்? பம்பாய்க்கோ சிலோனுக்கோ ஓடிப்போகிற வயசு. கப்பல் ஏறியிருக்கலாம். எவளையாவது கட்டிக்கொண்டு எங்கேயாவது கடை வைத்திருக்கலாம். இருந்தால் எழுபத்தேழு. எழுபத்தேழு ஒரு வயசா, எங்கப்பாவுக்கு எண்பத்தொன்று, தினமும் நடக்கப் போகிறார். கொஞ்சம் நில்லு. உயிரோடு இருக்கிறவன் அம்பத்தெட்டு வருஷமாகத் தங்கைக்கு ஒரு வரி எழுதமாட்டானா? செத்திருப்பார். அப்போதே, எங்கேயோ, யாருக்கும் தெரியாமல். அப்படியென்றால் நான் சொன்ன பொய்யில் சாவு மட்டும் நிஜம், ஆறுதான் பொய். அதைப் போய் இப்போது பிடுங்குவானேன்? அந்தம்மாவுக்கு நீ என்ன கொடுக்கப் போகிறாய், நிஜத்தையா? நிஜம் உன்னிடம் எங்கே இருக்கிறது? திறந்து கிடக்கிற ஒரு கதவைத்தான் திருப்பிக் கொடுப்பாய். உன் பாரத்தை இறக்க இடம் தேடுகிறாய், எழுபத்துநாலு வயசு மனுஷி தலை அகப்பட்டது. சும்மா இரு. வாசி. மகனோடு நிம்மதியாகப் போகட்டும். அப்புறம்? அப்புறம் அவர் வந்தால்? எவர்? வரமாட்டார். வந்தால்? பூட்டின வீட்டின் முன்னால் ஒரு கிழவர் நின்றால்? தாள் மைக்கில் உரசுகிறது, துணைவேந்தர் திரும்பிப் பார்க்கிறார். அந்தப் பார்வைக்கே எனக்கு இவ்வளவு பயம் வருகிறது, நான் எங்கே சொல்லப் போகிறேன். சொன்னால் பேப்பரில் வரும். என்னிடம் படித்த பிள்ளைகள் வாட்ஸப்பில் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். கட்டட்டும். இல்லை, கட்டவேண்டாம். இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. பார், இதுதான் நீ. அந்தம்மாவின் நிம்மதி, ஆறுதல் என்று இவ்வளவு நேரம் பெரிய மனுஷி மாதிரிப் பேசினாயே, அடியில் கிடந்தது இதுதான்.

அழுத கண்கள் எழுத்தைக் கண்ட அன்று தொட்டு நின்னையே. நின்றுவிட்டது. பாட்டு நின்று, ஆர்மோனியம் மட்டும் போகிறது, அந்தப் பூபதியின் வரி, பூபதி இல்லாமல். மூவாயிரம் தலை குனிந்தது. மேலே காற்றாடிகள் சுற்றுகிற சத்தம் கேட்கிறது. துணைவேந்தர் குனிந்தார், சிறப்பு விருந்தினர் பக்கத்தில் பார்த்துவிட்டுக் குனிந்தார், பட்டுராஜ் குனிந்து கண்ணைத் துடைத்தான். தங்கபுஷ்பத்தம்மாள் மட்டும் குனியவில்லை. இங்கே மௌனம் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முதலில் கூட்டத்தை வரிசை வரிசையாக. பிறகு நரைத்த தலை இருக்கிற பக்கமாக, பழைய மாணவர்கள் வரிசைப் பக்கமாக, ஒவ்வொரு ஆளாக. அப்புறம் பின்வாசலை. அங்கேயே கண் நின்றது. எனக்குப் புரிய ஒரு வினாடி ஆயிற்று. அண்ணன் செத்துப்போனான் என்று நம்பி, அவனுக்கு எள்ளு வாங்கிக்கொண்டு வந்திருக்கிற மனுஷி, அவனுக்காக மூவாயிரம் பேர் தலை குனிந்திருக்கிற நேரத்தில் அவனைத் தேடிக்கொண்டிருக்கிறார். அது பாட்டுக்குத் தேடுகிறது கண். இவ்வளவு காலம் தேடின கண்ணுக்கு என் மூன்று பக்கம் தெரியாது. ஐயோ, இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு கோயமுத்தூரில் என்ன செய்வார்?

மறப்பரோ நின் மக்கள் என்றும், மறப்பரோ. முடிந்தது. துணைவேந்தர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் தாளை மைக் பக்கத்தில் வைத்துவிட்டுப் படியிறங்கினேன். நாலு படி. இறங்குகிறேன் என்பது இறங்கின பிறகுதான் தெரிந்தது. துணைவேந்தர் சால்வையைக் கையில் வாங்கிவிட்டார், அவர் உட்காரவில்லை, அவர் உட்காராததால் யாரும் உட்காரவில்லை. நான் ஆறாவது நாற்காலிக்கு முன்னால் போய் நின்றேன். 'கூப்புடுதாகளா டீச்சர்? வாரேன்.' 'இல்லம்மா. ஒண்ணு சொல்லணும். ஒங்க அண்ணன் வெள்ளத்துல போகல. அது நான் கட்டி எழுதுனது. அவர் பேர ஒரு மேசைல பாத்தேன். அது மட்டுந்தான் நெசம். மத்தது பூரா பொய்.' பட்டுராஜ் என் முழங்கையைப் பிடித்தான். 'மேடம், என்ன பேசுதீங்க, எல்லாரும் பாக்காங்க.' அந்தம்மா அவன் கையைத் தட்டிவிட்டார். 'அப்ப எங்க போனான்?' 'தெரியாதும்மா.' 'செத்துட்டானா?' 'அதுவும் தெரியாது.' என் முகத்தையே பார்த்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன், கன்னத்தைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன். அவர் அடிக்கவில்லை. குரலும் உயரவில்லை. 'நாலு மாசமா நல்லாத் தூங்குதேன் டீச்சர்,' என்றார். மன்னிச்சிருங்க என்று ஆரம்பித்தேன், அவர் அதைக் காதில் வாங்கவில்லை, மகன் பக்கம் திரும்பிவிட்டார். 'ஏல, கெளம்பு. ஊருக்குப் போவோம்.' 'எம்மா, சாயங்காலம் ரயிலு. டிக்கெட்டு...' 'ரயிலு கெடக்கு. அண்ணன் வந்து பூட்டப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டான்னா?'

நடுப்பாதையில் நடக்க ஆரம்பித்துவிட்டார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கொஞ்சம் ஓட்டமும் நடையுமாக. பட்டுராஜ் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான், போகும்போது என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிற வரைக்கும் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். மேடையில் துணைவேந்தர் சால்வையோடு நின்றுகொண்டிருந்தார். என்ன நடந்தது என்று அவருக்கும் தெரியவில்லை, மைக்குக்கு எட்டாத தூரத்தில் நான் மெதுவாகத்தான் பேசியிருந்தேன். மண்டபத்தில் ஒரு ஆள் உட்காரவில்லை. அந்தம்மா கடந்துபோக ஒவ்வொரு வரிசையாகத் தலை குனிந்தது, அப்பாமார் கையெடுத்துக் கும்பிட்டார்கள், இரண்டு பெண்கள் விசும்பினார்கள். பின்வாசலைத் தாண்டி அவர் வெயிலில் இறங்குகிற வரைக்கும் மூவாயிரம் பேரும் அப்படியே நின்றார்கள், இதுவும் பாட்டோடு சேர்ந்தது என்று நினைத்து.